மெனக்கெட்ட பொழுது

நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்களுள் 'மெனக்கெடுதல்' என்பது ஒன்று. வெகு தூரத்திலிருந்து ஒரு விசேஷத்திற்கு வந்திறங்கிய உறவினரைப் பார்த்து, "எங்களுக்காக இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்தீர்களே" என்று மனம் நெகிழ்ந்து சொல்லும் அதே வாய், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பொழுதில் பழைய சைக்கிள் மணியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் பையனைப் பார்த்து, "வேலை மெனக்கெட்டு இதைச் செய்கிறாயே" என்று கடிந்துகொள்ளவும் செய்கிறது. முன்னதில் அந்தச் சொல் சிரத்தையையும் பிரயாசையையும் குறிக்கிறது. பின்னதில் வீண்பொழுதைக் குறிக்கிறது. 'வினைகெடுதல்' என்பதே நாளடைவில் மினக்கெடுதலாகி மெனக்கெடுதலாயிற்று என்று அறியும்போது இந்த முரண்பாடு விளங்கிவிடுகிறது. கையிலிருக்கும் வினை கெட்டாலும் கெடட்டும் என்று அதை விட்டுவிட்டு இன்னொன்றில் இறங்குவது என்பதுதான் அதன் ஆதிப்பொருள். விட்டது எது, இறங்கியது எதில் என்பதைப் பொறுத்து அச்சொல் நன்றியாகவும் மாறுகிறது, கண்டனமாகவும் மாறுகிறது. உழைப்பையும் வீண்பொழுதையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டுப் போன நம் முன்னோர், இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'ஒழிவு' என்பதும் அத்தகைய சொல்லே. "இன்றைக்கு ஒழியாது, நாளைக்கு ஒழிந்தால் வருகிறேன்" என்று முந்தைய தலைமுறைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடியிருந்தவர்கள் காலிசெய்து போனால் வீடு ஒழிந்தது என்கிறோம். பாத்திரத்தில் இருப்பதை வேறொன்றில் மாற்றிவிட்டுத் தேய்க்கப் போடுவதைப் பாத்திரம் ஒழித்துப் போடுவது என்கிறோம். காலத்தையும் அவ்வாறே ஒரு பாத்திரமாகப் பாவித்தவர்களுக்கு, அதிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்தாலன்றி வேறொன்றை அதில் வைக்க இயலாது என்பது உபதேசம் இல்லாமலே தெரிந்திருந்தது. அன்றியும், 'ஒழியவில்லை' என்பதில் வரமுடியாமற் போனதற்கு வருந்தும் ஒரு தாழ்ந்த குரல் இருந்தது. அவ்விடத்தில் இப்போது வந்து அமர்ந்திருக்கும் 'பிஸி' என்னும் சொல்லில் அந்த வருத்தம் இல்லை; அதற்குப் பதிலாக ஓர் அந்தஸ்து ஏறியிருக்கிறது. ஓய்வில்லாதவன் வேண்டப்பட்டவன், வேண்டப்பட்டவன் உயர்ந்தவன் என்னும் ஒரு தர்க்கம் நாம் அறியாமலே நமக்குள் புகுந்துவிட்டது.

இதைப் பிறரைக் குறித்துச் சொல்லவில்லை. மாவட்ட அளவிலான ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் உத்தியோகம் பார்த்தவன் நான். அந்த தர்க்கத்தின் நிழலிலேயே என் வாழ்நாளின் நல்ல பகுதியைக் கழித்தவன். சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் ஏற்பட்டு, டாட்டன்ஹாம் என்னும் அதிகாரியின் பெயராலேயே வழங்கிவந்த கோப்பு முறைதான் எங்கள் அலுவலகத்திலும் நடந்தது. காலையில் தபால் பிரித்து வரும். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் இட்டுத் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தத் தாள் என் மேஜையை விட்டு எங்கே போயிற்று, என்றைக்குப் போயிற்று, எப்படி முடிந்தது என்பதை எதிர்க்கட்டத்தில் எழுத வேண்டும். முடிவிலும் தரங்கள் உண்டு. ஓ.மு. என்று குறித்தால் அந்தக் காகிதத்திற்கு ஓராண்டு ஆயுள், மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, அதன் பிறகு அழித்துவிடலாம். வந்த தாளையே குறிப்புடன் வந்தவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் அதற்கு என்.டிஸ். என்று பெயர். மாதக் கடைசியில் ஆரம்ப நிலுவை எத்தனை, மாத வரவு எத்தனை, முடித்தவை எத்தனை, இறுதி நிலுவை எத்தனை என்று சுருக்கம் எடுத்து மேலதிகாரியின் கையொப்பத்திற்கு வைக்க வேண்டும்.

இந்த முறையைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. லட்சக்கணக்கான காகிதங்களில் ஒன்றுகூடக் காணாமற் போகாமல், எந்தக் காகிதம் எவர் மேஜையில் எத்தனை நாள் உறங்கிற்று என்பதை எவரும் எப்போதும் எடுத்துப் பார்க்கக்கூடியவாறு அமைத்த ஏற்பாடு அது. அமைத்தவர்களின் புத்திநுட்பத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதிவேட்டில் 'முடிந்தது' என்னும் சொல்லுக்கு என் மேஜையை விட்டுப் போயிற்று என்பது மட்டுமே பொருள் என்பதை நான் உணர்ந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. ஒரு மனுவைக் கருத்தூன்றிப் படித்து, அதற்கு வேண்டிய உத்தரவைப் பெற்று, மனுதாரர் வீட்டில் விளக்கேற்றி வைப்பதும் ஒரு முடிவுதான். சான்று ஒன்று குறைகிறது என்று அதே மனுவை இரண்டு வரிகளில் திருப்பிவிடுவதும் ஒரு முடிவுதான். மாதாந்திரச் சுருக்கத்தில் இரண்டும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும்.

நான் பணியில் சேர்ந்து ஐந்தாறு வருஷங்கள் ஆகியிருந்த காலத்தில், காலமாகிவிட்ட ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் மனைவியிடமிருந்து குடும்ப ஓய்வூதியத்திற்கான மனு ஒன்று என் பிரிவுக்கு வந்தது. வாரிசுச் சான்று இணைக்கப்படவில்லை என்று திருப்பினேன். இரண்டரை மாதங்கள் கழித்துச் சான்றுடன் வந்தது; நகல்களில் மேலொப்பம் இல்லை என்று திருப்பினேன். மறுபடியும் வந்தபோது, பணிப்பதிவேட்டில் ஆசிரியரின் பெயருக்கு முன்னே ஊரின் முதலெழுத்தும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் இருக்க, இறப்புச் சான்றில் தகப்பனாரின் எழுத்து மட்டும் இருப்பதைக் கண்டு, இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று மூன்றாம் முறையும் திருப்பினேன். மூன்று குறைகளும் முதல் நாளிலேயே அந்தத் தாள்களில் இருந்தவைதாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் படித்திருந்தால் ஒரே கடிதத்தில் அனைத்தையும் கேட்டிருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒழியவில்லை. ஏனெனில் அந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தாள்களை என்னால் திருப்பிவிட முடியும். எங்கள் பிரிவிலேயே அதிகமாக முடிப்பவன் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. இரவு எட்டு மணிக்குக் கைவலியோடு வீடு திரும்புகிறவன் தான் உழைக்கவில்லை என்று எப்படி நம்புவான்?

ஓர் அலுவலகத்தின் கதை இது என்று ஒதுக்கிவிட முடியாதபடி, இதற்கு ஒரு பெரிய சாட்சியத்தைப் பின்னாளில் படித்தேன். சிங்கப்பூரில் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் சரித்திரப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன் என்பவர் 1955-ஆம் ஆண்டு லண்டன் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை அது. பிரிட்டிஷ் கடற்படையில் 1914-இல் பணியில் இருந்த பெரும் போர்க்கப்பல்கள் 62. 1928-இல் அவை இருபதாகக் குறைந்துவிட்டன. அதிகாரிகளும் மாலுமிகளும் 1,46,000 பேரிலிருந்து ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். அதே பதினான்கு வருஷங்களில் கடற்படைத் தலைமை அலுவலகத்தின் உத்தியோகஸ்தர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறையக் குறிப்பெழுதுகிறவர்கள் பெருகியதன் காரணத்தை ஆராய்ந்த பார்க்கின்சன், அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தி, திருத்தியதை மூன்றாமவர் பார்வையிட்டு, ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொண்டு அனைவரும் மெய்யாகவே களைத்துப் போனார்கள் என்று சொன்னார். உலகம் அதைப் படித்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் களைப்பு உண்மையானது என்பதையும், களைத்தவன் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் காட்டிய எரிச்சலும் உண்மையானது என்பதையும், இவ்வளவு உண்மைகளுக்கு நடுவே கப்பல் மட்டும் இல்லை என்பதையும் நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

ஆனால் இந்த விஷயத்தின் மர்மத்தை எனக்கு உணர்த்தியது கப்பற்படையின் கணக்கு அன்று. கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சம்பாஷணை. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டு தமிழாசிரியராக அமர்ந்திருந்த இருபத்தைந்து வயது இளைஞர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கச் சென்றார். ஐயர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நேர் மாணாக்கர். திருவாவடுதுறை மடத்தில் பெரும் வித்துவான்களின் நடுவே பழகியவர். படித்தது இன்னதென்று கேட்டால் அடுக்கிச் சொல்ல அவரிடம் நீண்டதொரு வரிசையே இருந்தது. முதலியார் கேட்டார்; ஐயரும் சொன்னார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ்கள் இத்தனை, உலா, கோவை, கலம்பகம், புராணங்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, கேட்டவரின் முகத்தில் யாதொரு சலனமும் ஏற்படவில்லை. இவ்வளவும் படித்ததில் என்ன பிரயோஜனம் என்னும் கருத்துப்பட அவர் வினவி, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று சீவகசிந்தாமணியின் பெயரையும் சொன்னார். ஐயர் அதைப் பாடம் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தமிழ் இலக்கிய சரித்திரம் சாமிநாதையரைத் தாத்தா என்று போற்றுகிறது, அது தகும். ஆயினும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடியைவிட அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கும் ஒரு மனிதர் ஒருவன் வாழ்க்கையில் தக்க தருணத்தில் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். ஐயர் அதுவரை சும்மா இருந்தவர் அல்லர். குருகுலவாசத்தில் இரவும் பகலும் படித்தவர். அவ்வளவு படிப்பும் பொய்யென்று முதலியார் சொல்லவுமில்லை. அது எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் கேட்டார். பட்டியல் நீளமாக இருக்கிறவனிடம் அப்படிக் கேட்க எவருக்கும் மனம் வருவதில்லை. பட்டியலைக் கண்டதும் நாம் பணிந்துவிடுகிறோம். கேட்கப்பட்டவருக்கும் அது இனிப்பாக இராது. அன்று ஏமாற்றத்துடன் திரும்பினாலும் அந்த இளைஞர் மறுபடியும் அவரைத் தேடிச் சென்றார் என்பதில்தான் பின்னால் நடந்தவை யாவும் அடங்கியிருந்தன.

அதன்பின் ஏழு வருஷங்கள். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. இடையில் அவர் கல்லூரியை விட்டுவிடவில்லை, தினந்தோறும் பாடம் நடத்தினார், மாணாக்கர்களின் விடைத்தாள்களைத் திருத்தினார், குடும்பத்தைப் பார்த்தார். எஞ்சிய பொழுதில், ஊர் ஊராகத் தேடிப் பெற்ற சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். அந்நூலுக்கான நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சொல்லாமல் வரும் மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வதற்காகவே அகராதிகள் தயாரித்தார். சமண சமயக் கொள்கை விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்கே சென்று கேட்டறிந்தார். ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் போயிருக்கும். அந்த வாரத்தின் முடிவில் வெளியே காட்ட அவர் கையில் ஒன்றுமே இருந்திராது. என் தன்பதிவேட்டின் கணக்குப்படி பார்த்தால், ஏழு வருஷங்களுக்கு வரவு ஒன்று, முடிவு ஒன்று.

மணிமேகலையின் கதை இதிலும் அதிசயமானது. அதன் சுவடி கையில் இருந்தும், அது எந்த சமயத்தின் நூல் என்பதே வெகுநாள் பிடிபடாமல் இருந்தது. கல்லூரியில் உடனிருந்த ரங்காசாரியரே அது பௌத்த நூல் என்று கண்டு வழிகாட்டினார். அதன் பிறகு பௌத்த மதக் கருத்துகளைப் பல வருஷங்கள் பயின்று, தமக்குத் தெளிந்த பின்னரே 1898-இல் ஐயர் அதைப் பதிப்பித்தார். அதற்குள் பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும் வெளிவந்துவிட்டன. தெரியாததைத் தெரியாது என்று ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவருக்கே அது இயலும். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று துடிக்கும் கை, தெரியாத இடத்தை எப்படியாவது நிரப்பி அச்சுக்கு அனுப்பியிருக்கும். குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்த 1937-இல் ஐயருக்கு வயது எண்பத்திரண்டு.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுவது நியாயம். நூல் பதிப்பித்தவரையும் கோப்புத் தள்ளியவனையும் எதிரெதிரே நிறுத்தினால், நிலைத்து நிற்கும் ஒரு பொருளை உண்டாக்குவதே பயனுள்ள உழைப்பு, மற்றவை வெறும் பரபரப்பு என்றாகிவிடாதா? அப்படியானால் என் தாயார் அறுபது வருஷங்கள் செய்தது என்ன? விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார். பொழுது ஏறும்போது அது காலடி பட்டு அழிந்தது. சோறு வடித்தார், அது அன்றைக்கே தீர்ந்தது. கடைசி நான்கு வருஷங்கள் படுக்கையில் கிடந்த பாட்டியைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றினார், பாட்டி பிழைத்தெழவில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத, மாலைக்குள் தடமின்றி மறைந்துபோகிற அந்த வேலைகளில் ஒன்றையேனும் மெனக்கேடு என்று நான் சொல்வேனாயின் என் நாக்கு வெந்துபோகும். பாட்டியின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை என்பதை நான் அறிவேன்.

ஆகவே நிலைத்திருப்பது, எண்ணிக்கை காட்டுவது என்பவையெல்லாம் உரைகல் ஆகமாட்டா என்றே முடிவு செய்தேன். தாயாரின் வேலையும் ஐயரின் வேலையும் ஒன்றுபடுகிற இடம் வேறு. இருவருடைய வேலையும் தத்தம் கையை விட்டு நீங்கும்போது முடிந்துவிடவில்லை. அது வேண்டியிருந்த மனிதரிடம் போய்ச் சேர்ந்த பிறகே முடிந்தது. சோறு அடுப்பிலிருந்து இறங்கியபோது அம்மாவின் வேலை முடிந்ததாக அவர் எண்ணியதில்லை; நாங்கள் உண்டு எழுந்தபோதுதான் முந்தானையில் கைதுடைத்தார். ஏடு அச்சேறியபோதும் ஐயர் ஓயவில்லை. முதற்பதிப்பில் விளங்காமல் விட்டதைத் தேடிக்கொண்டே இருந்து அடுத்த பதிப்பில் திருத்தினார். எனக்கோ வேலை மேஜை விளிம்போடு முடிந்தது. அந்த விளிம்புக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லாதபடி என்னை ஓயாது அலுவலில் வைத்துக்கொண்டேன். ஓயாத அலுவலை ஒரு திரையாகவே நான் பயன்படுத்தினேன் என்று இன்று சொல்ல முடிகிறது. நிமிர்ந்து பார்த்தால் கேள்வி வரும். குனிந்தே இருந்தால் நல்ல பெயர் வரும்.

திரைக்குப் பின்னே மறைவதற்கு மாறாக, அலுவலக மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு அதற்கு அப்பால் வெகுதூரம் போனவர்களும் இருக்கிறார்கள். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கொடுத்த கணக்குகளை விரைந்து முடித்துவிட்டு, மிஞ்சிய பொழுதில் பொட்டலம் கட்டும் தாள்களைத் தேடி எடுத்து அவற்றில் தம் கணிதத்தை எழுதினார். வீட்டில் காகிதத்திற்கு வழியில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து மறுபடியும் போட்டார். முடிவு மட்டுமே நோட்டுப்புத்தகத்தில் ஏறிற்று. அந்த அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவராக இருந்ததும், எதிரிலிருக்கும் குமாஸ்தா செய்வது இன்னதென்று அறிந்து அதற்கு இடம் கொடுத்ததும் நாம் செய்த பாக்கியம். மறுவருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை அளித்து அவரை உத்தியோகத்திலிருந்து விடுவித்தபோது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஓர் அறிக்கை தரவேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு எதையும் கேட்கவில்லை. மூன்று மாதங்கள் ஒருவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவைக்க ஒரு ஸ்தாபனத்திற்குத் துணிவு வேண்டும். நாளொன்றுக்கு நான்கு தடவை கைப்பேசியில் 'எந்த அளவில் இருக்கிறது' என்று கேட்கப்படும் இன்றைய இளைஞர்களைக் காணும்போது அந்தத் துணிவின் அருமை எனக்குப் பன்மடங்காகத் தெரிகிறது.

விட்டுவைத்தல் என்பது உழவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. சித்திரையில் கோடைமழை ஒன்று பெய்ததும் நிலத்தை உழுது அப்படியே போட்டுவிடுவார்கள். போகிறவன் வருகிறவனுக்கு அது வெறுங்காடாகவே தெரியும். ஆனால் புரண்ட மண்ணில் களையின் வேர் காய்ந்து சாகிறது, மண்ணுக்குள் இருந்த புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெளியே வந்து பறவைகளுக்கு இரையாகின்றன, அடுத்த மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்குகிறது. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்ற கருத்தை வள்ளுவர் உழவைப் பற்றிய அதிகாரத்தில் எடை அளவோடு சொல்லியிருக்கிறார். அகல உழுவதைவிட ஆழ உழு என்பதும் உழவர்களின் பழமொழிதான். எத்தனை ஏக்கர் ஓட்டினாய் என்று மாலையில் கணக்குக் கேட்டால் ஆழ உழுதவன் எப்போதும் பின்தங்கியே நிற்பான்.

அந்த ஆசிரியர் மனைவியின் மனு நான்காம் முறையாக வந்த நாளில், இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது என்று சொன்னால் அது பொய். நடந்தது இவ்வளவே. மனுவைத் தபாலில் அனுப்பாமல் அன்று அந்த அம்மாளே கொண்டுவந்திருந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் நான், தந்தையின் எழுத்தும் ஊரின் எழுத்தும் என்று அதே குறையைச் சொல்லத் தொடங்கியபோது, அவர் வாதாடவில்லை. "தம்பி, நான் என்னென்ன கொண்டாரணும்னு ஒரே தடவையா எழுதிக் குடுத்திடுங்களேன், இன்னொரு தடவை வர்றதுக்குப் பஸ்ஸுக்குப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார். மூன்று குறிப்புகளிலும் என் சுருக்கொப்பம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மறுநாள் அனுமதி பெற்று, இரண்டு பஸ் மாறி, அவர் கணவர் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கிராமத்துப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் பொறுமையாக மர அலமாரியை ஒழித்து, கரையான் தின்றது போக மிஞ்சிய பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக் கொடுத்தார். பிற்பகல் மூன்று மணிக்குச் சேர்க்கைப் பதிவேடு ஒன்று அகப்பட்டது. அந்த ஆசிரியர் அதே பள்ளியில்தான் சிறுவயதில் படித்தவர். தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி மூன்றும் முழுமையாக அதில் எழுதியிருந்தன. அதற்கு அத்தாட்சி நகல் எடுத்துக்கொண்டு, அடுத்த இரண்டு நாட்களும் வேறெதையும் தொடாமல் அந்தக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து படித்து, குறிப்பு எழுதி, கையொப்பம் வாங்க நானே அறை அறையாக எடுத்துச் சென்றேன். அந்த மாதச் சுருக்கத்தில் என் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது, பதில் எழுதினேன், எழுதிய பதிலும் ஓர் எண் பெற்று முடிந்தது.

உத்தரவு வந்து, பணமும் வரத் தொடங்கிய பின் ஒரு நாள் முற்பகல் அந்த அம்மாள் மறுபடியும் வந்து அதே பெஞ்சின் அதே ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். தாள்கள் வைத்திருந்த மஞ்சள் பை மடியில் இருந்தது. ஏதேனும் குறைந்துவிட்டதோ என்று பதறி வெளியே போனேன். அவர் எழுந்து நின்று, "இனிமே நான் வர வேண்டியதில்லையா தம்பி?" என்று கேட்டார்.

"வேண்டியதில்லை, அம்மா."

"நிச்சயமாவா?"

"நிச்சயமாக."

சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு பையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார். அன்றைய தபால் என் மேஜைக்கு வந்துவிட்டிருந்தது. அவர் பஸ் புறப்பட்டுப் போகிறவரை நான் வராந்தாவிலேயே நின்றிருந்தேன்.